ஒரே கடிகாரம், ஒரே எழுத்து: சீனாவைப் புதிதாக அறிய வருபவர்களுக்கு

சீனாவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் காஷ்கர் நகரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் பிற்பகல் 3 மணியை நெருங்கியிருக்கும். டிசம்பர் கடைசியில் அங்கே பொழுது விடிவதே காலை 10 மணிக்குப் பிறகுதான். அதே நாட்டின் கிழக்கு முனையில், ரஷ்ய எல்லையை ஒட்டிய ஃபூயுவானில், ஜூன் மாதத்தில் அதிகாலை 3 மணி வாக்கிலேயே சூரியன் எழுந்துவிடும். இரண்டு ஊர்க் கடிகாரங்களும் காட்டுவது ஒரே நேரத்தைத்தான்.

சீனாவைப் பற்றி நாம் கேட்டு வியக்கும் பல செய்திகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஊருக்கு ஊர் மண், மொழி, குளிர் எல்லாம் மாறும் நாடு. அதன்மேல் நாடு முழுமைக்கும் ஒரே அளவு. இது இன்று நேற்று வந்த வழக்கமும் அன்று. கி.மு. 221-இல் நாட்டை ஒன்றாக்கிய சின் ஷி ஹுவாங், எடை, நீளம், நாணயம், எழுத்து ஆகியவற்றோடு வண்டிகளின் அச்சு அகலத்தையும் ஒன்றாக்கினார். மண் சாலையில் சக்கரம் போன தடம் பள்ளமாகிவிடும். அந்தத் தடத்துக்குப் பொருந்தாத வண்டி ஓடாது. ஊருக்கொரு அகலம் இருந்தால் எல்லைக்கு எல்லை வண்டி மாற்ற வேண்டியதுதான். அச்சு ஒன்றானால் சாலையும் ஒன்றாகிவிடும். மேலிருந்து ஒரு அளவு வைப்பார்கள். அது பொருந்தாத இடத்தில் மக்கள் தங்களுக்கேற்ற வழியைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தால் சீனா பாதி புரிந்த மாதிரி.

நேரக் கணக்கு

பூமி ஒரு தீர்க்கரேகைப் பாகை அளவு சுழல 4 நிமிடம் ஆகும். சீனாவின் நேரம் 120 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. காஷ்கர் ஏறத்தாழ 76 பாகையில் இருக்கிறது. வித்தியாசம் 44 பாகை. நாலால் பெருக்கினால் 176 நிமிடம். எனவே அங்கே உச்சிவேளை சராசரியாக 2.56-க்கு. நாட்டின் மேற்கு முனையையும் கிழக்கு முனையையும் இதே முறையில் கணக்கிட்டால் சூரியனுக்கு நான்கு மணி நேர இடைவெளி வரும். 1949-க்கு முன் நாடு ஐந்து நேர மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மக்கள் குடியரசு வந்தபின் எல்லாம் பெய்ஜிங் நேரமானது. பெயர்தான் பெய்ஜிங் நேரம். அதைக் கணித்து நாட்டுக்கு அறிவிக்கும் தேசிய நேரச் சேவை மையம் இருப்பது ஷான்சி மாகாணத்தின் சியான் நகர்ப் பகுதியில்.

காஷ்கர் இருக்கும் சின்ஜியாங் பகுதியில் இரண்டு மணி நேரம் பின்தங்கிய உள்ளூர் நேரமும் புழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பகுதியின் பூர்வீக மக்களான உய்குர் மக்களில் பலர் அதைப் பின்பற்றுகிறார்கள். சீனாவின் பெரும்பான்மையினரான ஹான் இனத்தவர் பெரும்பாலும் பெய்ஜிங் நேரத்தையே சொல்கிறார்கள். அரசு அலுவலகங்கள் பெய்ஜிங் நேரத்தைவிட்டு நகர்வதில்லை, ஆனால் வேலை நேரத்தை நகர்த்தி வைத்திருக்கின்றன: பொதுவாகக் காலை 10 மணிக்குத் தொடக்கம், 2 மணி வாக்கில் உணவு இடைவேளை. அங்கே போகிறவர் ஒருவரோடு நேரம் பேசி முடிவு செய்யும்போது 'எந்த நேரம்?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் இரண்டு மணி நேரம் காத்திருப்பார். ரயில், விமானம் இரண்டுக்கும் இந்தக் குழப்பம் இல்லை. சீட்டில் இருப்பது எப்போதும் பெய்ஜிங் நேரம்தான். சீனாவுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் இடையே குறுகிய எல்லை ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் கடிகாரத்தை மூன்றரை மணி நேரம் பின்னுக்குத் திருப்ப வேண்டும்.

'நகரம்' என்ற சொல்லில் இருக்கும் சிக்கல்

உலகின் மிகப் பெரிய நகரம் சோங்கிங் என்று அடிக்கடி ஒரு செய்தி சுற்றும். 3 கோடிக்கும் மேற்பட்ட மக்கள், 82,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரப்பு. இந்த எண்களில் தவறு இல்லை. 'நகரம்' என்ற மொழிபெயர்ப்புதான் தவறாக வழிகாட்டுகிறது. சீனத்தில் 'ஷி' என்பது ஒரு நிர்வாக அலகு. நடுவில் நகரம் இருக்கும்; அதைச் சுற்றியுள்ள சிற்றூர்கள், வயல்கள், மலைகள் எல்லாம் அதே பெயரின் கீழ் வரும். சோங்கிங் ஆஸ்திரியா நாட்டை ஒத்த பரப்புள்ளது, அதில் பெரும்பகுதி மலையும் வேளாண் நிலமும். உள்மங்கோலியாவின் ஹுலுன்பூயிர் என்ற 'நகரம்' 2.5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். பிரிட்டனைவிடப் பெரிது, கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. பெய்ஜிங்கும் அப்படித்தான்: பயணிகள் கூட்டம் கூட்டமாகப் போகும் பாதாலிங் பெருஞ்சுவர், மலைக்கு நடுவே இருந்தாலும் பெய்ஜிங் எல்லைக்குள்தான் வருகிறது.

சீன நகரங்களின் மக்கள்தொகைப் பட்டியலைப் பார்க்கும்போது, எண் 'ஷி' முழுவதற்குமானதா, கட்டடங்கள் நெருங்கிய நகர்ப் பகுதிக்கு மட்டுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்து போடும் பட்டியல்கள் ஏராளம்.

மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு கோடு போதும். 1935-இல் ஹு ஹுவான்யோங் என்ற புவியியலாளர், வடகிழக்கில் ஹெய்ஹேயிலிருந்து தென்மேற்கில் தெங்சோங் வரை வரைபடத்தில் சாய்வாக ஒரு கோடு இழுத்தார். அதன் கிழக்கே இருக்கும் நிலம் நாட்டில் ஏறத்தாழ 43%. அங்கே வாழ்பவர்கள் ஏறத்தாழ 94%. ரயில், வேலை, பல்கலைக்கழகம் என்று எவ்வளவோ மாறியபிறகும் இந்த விகிதம் பெரிதாக அசையவில்லை. மேற்கில் நீர் குறைவு, நிலம் உயரம். அங்கே சோறு போடும் மண் அவ்வளவுதான்.

பதினெட்டு இலக்கத்தில் ஒரு ஆள்

சீனக் குடிமகன் ஒவ்வொருவருக்கும் 18 இலக்க அடையாள எண் உண்டு. ரயில் சீட்டு, வங்கிக் கணக்கு, தேர்வு, மருத்துவமனை எதற்கும் அதுதான். அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் நாட்டின் அமைப்பே பிடிபடும்.

முதல் ஆறு இலக்கங்கள் ஊர். 510104 என்று தொடங்கினால், 51 சிச்சுவான் மாகாணம், 01 செங்டு, 04 அதனுள் ஜின்ஜியாங் வட்டாரம். அடுத்த எட்டும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். பிறகு மூன்று இலக்க வரிசை எண். அதன் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பதினெட்டாவது சரிபார்ப்பு இலக்கம். முதல் 17 இலக்கங்களையும் ஒவ்வொன்றுக்கும் விதித்த எண்ணால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து, மீதியிலிருந்து அதைப் பெறுகிறார்கள். ஒரு இலக்கத்தைத் தவறாக எழுதினாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றினாலோ கணக்கு இடித்துக் காட்டிவிடும். 11-ஆல் வகுப்பதால் பதினொரு விடைகள் வரலாம். ஆனால் இடம் ஒன்றுதான். பத்து வந்தால் ரோமானியப் பத்தான எக்ஸ் போடுவார்கள். அதனால் சிலருடைய அடையாள எண் எழுத்தில் முடியும். எண்களை மட்டும் ஏற்கும் படிவங்களில் இவர்கள் மாட்டிக்கொள்வதுண்டு.

முதல் ஆறு இலக்கங்கள் பிறகு மாறுவதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. சோங்கிங் 1997-இல்தான் சிச்சுவானிலிருந்து பிரிந்து தனி மாநகராட்சியானது. அதற்கு முன் எண் பெற்ற சோங்கிங்காரர்களுக்கு இன்றும் 51-தான் முன்னால் நிற்கிறது. பின்னால் வந்தவர்களுக்கு 50. ஒரே வீட்டில் அப்பாவும் மகளும் எண்ணின்படி வேறு வேறு மாகாணம்.

எண்ணுக்குப் பின்னால் இருப்பது ஹுகோவ் என்னும் குடும்பப் பதிவு. 1958-இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு குடும்பமும் ஓர் ஊரில் பதிவாகிறது; அரசுப் பள்ளி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் போன்றவை அந்தப் பதிவைச் சார்ந்தவை. வேலைக்காக எங்கு வேண்டுமானாலும் போகலாம். பதிவு கூடவே வராது. இன்று சொந்த ஊரைவிட்டு வேறிடத்திலோ, ஊருக்கருகே வயலுக்கு வெளியிலோ கூலி வேலை செய்யும் கிராமத்துத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 30 கோடி. அவர்கள் கட்டிய நகரத்திலேயே தங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அலைந்திருக்கிறார்கள் என்பதும், முடியாமல் தாத்தா பாட்டியிடம் பிள்ளைகளை விட்டு வந்திருக்கிறார்கள் என்பதும் இந்த நாட்டின் வளர்ச்சிக் கதையில் விட்டுவிடக் கூடாத பக்கம்.

2014-இல் கிராமப் பதிவு, நகரப் பதிவு என்ற பெயர் வேறுபாட்டை நீக்க அரசு முடிவெடுத்தது. நகர்ப் பகுதி மக்கள்தொகை 30 லட்சத்துக்குக் கீழான நகரங்களில் கட்டுப்பாடுகளை எடுத்துவிடும்படி 2019-இல் அறிவுறுத்தல் வந்தது. பெய்ஜிங்கும் ஷாங்காயும் இன்னும் இறுக்கம்தான். படிப்பு, வரி, காப்பீடு கட்டிய ஆண்டுகள் எனப் புள்ளிகள் சேர்த்து வரிசையில் நிற்க வேண்டும். எல்லோரும் நகரப் பதிவுக்குத் தவம் கிடப்பதாக வெளியில் நினைக்கிறார்கள். அப்படியும் இல்லை. கிராமப் பதிவோடு வயலைப் பயிரிடும் உரிமையும் வீட்டு மனை உரிமையும் ஒட்டியிருக்கின்றன. நகரத்தில் வேலை போனால் திரும்ப ஒரு கூரை இருக்கிறது என்ற உறுதியை எளிதில் யார் விடுவார்கள்?

இதன் முடிச்சு இறுகுவது பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில். காவ்காவ் என்னும் இந்தத் தேர்வு, மாவோ தொடங்கிய அரசியல் கொந்தளிப்பான பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் நின்றுபோய், 1977 டிசம்பரில் மீண்டும் வந்தது. இப்போது ஆண்டுதோறும் ஜூன் 7-இல் தொடங்குகிறது, 2024-இல் 1.34 கோடிப் பேர் பதிவு செய்தார்கள். பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 மதிப்பெண்: சீனம், கணிதம், அந்நிய மொழி தலா 150, மற்றப் பாடங்கள் 300. பல்கலைக்கழகங்கள் மாகாணவாரியாக இடம் ஒதுக்குவதால் ஒரே கல்லூரிக்கு மாகாணத்துக்கு மாகாணம் வெட்டு மதிப்பெண் மாறும். அடிப்படை விதிப்படி தேர்வு எழுத வேண்டியது ஹுகோவ் இருக்கும் மாகாணத்தில். வெளியூர் பிள்ளைகள் எழுதப் பல மாகாணங்கள் நிபந்தனையோடு வழிவிட்டிருந்தாலும், பெய்ஜிங்கில் வளர்ந்த பிள்ளை கடைசி நேரத்தில் முன்பின் அறியாத பெற்றோர் ஊருக்குப் போய், வேறு பாடத்திட்டத்தில் தயாராக வேண்டிய நிலை இன்னும் உண்டு.

ஐந்து குதிரைகள்

சீனமொழி என்று நாம் சொல்வது பேச்சில் ஒன்று அல்ல. பெய்ஜிங்காரர் பேசுவது குவாங்சோவ் முதியவருக்கும், அவர் பேசும் காண்டனீசு இவருக்கும் விளங்காது. 'நான்' என்பது பெய்ஜிங் பக்கத்து மாண்டரினில் 'வோ', காண்டனீசில் 'ங்ஙோ', தென்கிழக்குக் கரையின் ஹொக்கியனில் 'குவா'. எழுத்தில் மூவருக்கும் அதே குறிதான். பெய்ஜிங் உச்சரிப்பை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பொதுப் பேச்சுமொழியான பூதோங்குவாவை 2020 நிலவரப்படி நாட்டில் 80.72% பேர் பேசுவதாக அரசின் கணக்கு. எஞ்சியவர்கள் ஐந்தில் ஒருவருக்கு நெருக்கம். சீனத் தொலைக்காட்சித் தொடர்களில் சீனத்திலேயே அடிவரி ஓடுவது இதனால்தான். காதில் பிடிபடாதவருக்குக் கண்ணில் பிடிபடும்.

எழுத்துகள் ஆயிரக்கணக்கில் என்றதும் படமாகப் படம் நினைவில் வைக்க வேண்டும் என்று மிரள்பவர்கள் உண்டு. உண்மையில் பெரும்பாலான குறிகள் இரண்டு துண்டுகளை ஒட்டியவை: ஒன்று பொருளுக்குக் குறிப்பு, மற்றது ஒலிக்கு. குதிரைக்குச் சீனத்தில் 'மா'. அந்தக் குதிரைக் குறியின் இடப்பக்கம் 'பெண்' குறியை ஒட்டினால் அம்மா, ஒலி 'மா'. 'வாய்' குறியை ஒட்டினால் வாக்கியத்தின் கடைசியில் வந்து கேள்வியாக்கும் 'மா'. 'பூச்சி' குறியை ஒட்டினால் எறும்பைக் குறிக்கும் சொல்லின் முதல் பாதி. குதிரைக்கு மேலே இரண்டு வாய் வைத்தால் திட்டுதல். எதிலும் குதிரைக்குப் பொருள் இல்லை, ஒலியை மட்டும் தந்துவிட்டு நிற்கிறது. அம்மாவுக்குத் தொனி சமமாக மேலே நிற்கும். குதிரைக்குத் தாழ்ந்து எழும். திட்டுக்குச் சட்டென்று விழும். தமிழில் எழுதினால் எல்லாம் 'மா' என்றே ஆகிவிடுவது நம் எழுத்தின் எல்லை. தொடக்கத்தில் தொனியைத் தள்ளிப்போட்டு வெறும் ஒலியைப் படிப்பவர்கள் பின்னால் எல்லாவற்றையும் மறுபடி படிக்க வேண்டிவரும்.

எத்தனை எழுத்து வேண்டும்? 2013-இல் அரசு வெளியிட்ட பொதுப் பட்டியலில் 8,105; அதில் அன்றாடத்துக்கான முதல் அடுக்கு 3,500. கைப்பேசியில் தட்டுவது இன்னும் எளிது. 1958-இல் ஏற்கப்பட்ட பின்யின் முறையில் ரோமன் எழுத்தில் ஒலியைத் தட்டினால் குறிகளின் வரிசை வரும், தேர்ந்துகொள்ளலாம். இதில் ஒரு இழப்பும் நேர்ந்தது. பார்த்தால் தெரிகிற எழுத்து, பேனா பிடித்தால் கைக்கு வருவதில்லை. 'பேனா எடுத்தால் எழுத்து மறக்கும்' என்று நான்கே எழுத்தில் அதற்கொரு மரபுத்தொடர் இருக்கிறது. படித்தவர்களுக்கும் இது நடக்கிறது.

பெயர்களில்தான் அளவுகோல் வலித்தது. குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். திருமணமானாலும் பெண்கள் குடும்பப் பெயரை மாற்றுவதில்லை. வாங் என்ற குடும்பப் பெயர் மட்டும் பத்துக் கோடிப் பேருக்கு மேல். எனவே பிள்ளை தனித்துத் தெரிய வேண்டும் என்று அரிதான எழுத்தைப் பெயராக வைப்பவர்கள் உண்டு. சில ஊர்களில் குடும்பப் பெயரே அரிது. கணினியின் எழுத்துத் தொகுப்பில் அந்தக் குறி இல்லையென்றால் வங்கிக் கணக்கு ஒரு மாதிரியும் அடையாள அட்டை ஒரு மாதிரியும் ஆகிவிடும்; இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க அலைய வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த, கணினி எழுத்துகளுக்கான தேசியத் தரத்தில் 87,887 எழுத்துகள் இருக்கின்றன. மக்களை எழுத்துக்கு ஏற்ப மாற்றாமல் அளவுகோலை நீட்டினார்கள். அது நல்ல காரியம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் குளிர்

சின்லிங் மலைத்தொடரையும் ஹுவாய் ஆற்றையும் இணைத்தால் சீனா வடக்கு, தெற்கு என்று பிரியும். மேலே கோதுமை, கீழே நெல். 1950-களில் நகரங்களுக்கு மையச் சூடேற்றும் வசதி கொடுத்தபோது நிலக்கரி போதாததால் இந்தக் கோட்டுக்கு வடக்கே மட்டும் கொடுத்தார்கள். பெய்ஜிங்கில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை, ஹார்பினில் அக்டோபர் 20 முதல் ஏப்ரல் 20 வரை வீடுகளுக்குச் சூடு வரும். தெற்கே பழைய வீடுகளில் அந்தக் குழாயே கிடையாது. விளைவு தலைகீழ்: ஜனவரியில் வெளியே உறைபனி கொட்டும் ஹார்பினில் வீட்டுக்குள் மெல்லிய சட்டை போதும், சராசரி 4 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள வூஹானில் வீட்டுக்குள்ளும் பஞ்சு வைத்த மேல்சட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். குளிர்காலத்தில் தெற்குக்குப் போகிறவர்கள் வீட்டுக்குள் உடுத்தவும் கம்பளி எடுத்துப்போக வேண்டும்.

வரைபடத்திலும் இப்படி ஒரு இடறல் உண்டு. சீனாவில் வெளியிடப்படும் வரைபடங்கள், உலக அளவில் செயற்கைக்கோள் தரும் ஆயங்களை (இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) வேண்டுமென்றே சற்று நகர்த்திய தனி முறையில் அமைகின்றன. நிரலாளர்கள் இதற்கு 'செவ்வாய்க் கோள் ஆயங்கள்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். நகர்வு இடத்துக்கு இடம் மாறும், சில நூறு மீட்டர் வரை போகும். வெளிநாட்டுச் செயலியில் நீங்கள் நிற்கும் புள்ளி சாலையை விட்டு ஆற்றுக்குள் தெரிந்தால் கருவி பழுதில்லை. ஹாங்காங், மக்காவ் இரண்டுக்கும் இந்த நகர்வு கிடையாது. ஷென்ஜென் எல்லையில் சாலைகள் வெட்டி ஒட்டியதுபோல் விலகித் தெரிவது அதனால். இந்த ஆய எண்களை ஒரு செயலியிலிருந்து எடுத்து மற்றொன்றில் போடாதீர்கள். உள்ளூர்ச் செயலியில் இடத்தின் பெயரைத் தேடுவதே சரி.

விடுமுறைக் கடன்

நாட்காட்டியைப் பார்த்துச் சனிக்கிழமை என்று நினைத்தால் அலுவலகம் திறந்திருக்கும். நீண்ட விடுமுறை அமைக்க அரசு வார இறுதிகளை இடம் மாற்றுகிறது. 2025 வசந்த விழாவை, அதாவது சீனப் புத்தாண்டைப் பாருங்கள்: சட்டப்படி விடுமுறை ஜனவரி 28 முதல் 31 வரை நான்கு நாள். பிப்ரவரி 1, 2 வழக்கமான வார இறுதி. 3, 4 இரண்டு நாளும் கடன். அந்தக் கடனை ஜனவரி 26 ஞாயிறும் பிப்ரவரி 8 சனியும் வேலைக்கு வந்து அடைக்க வேண்டும். எட்டு நாள் விடுமுறை என்பதில் உண்மையாகக் கிடைத்த கூடுதல் நாள் நான்குதான். அடுத்த ஆண்டுப் பட்டியலை அரசு முந்தைய ஆண்டின் கடைசியில் அறிவிக்கும். சீன நிறுவனத்தோடு வேலை செய்பவர்கள் அதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

விழாவையொட்டி 40 நாள் பெரும் பயண காலம். ஹுகோவ் ஒரு ஊரிலும் வேலை ஒரு ஊரிலும் உள்ளவர்கள் வீடு திரும்புவது அப்போதுதான். ரயில் சீட்டு 15 நாளுக்கு முன் திறக்கும், அடையாள எண் அல்லது கடவுச்சீட்டு இல்லாமல் கிடைக்காது. பிரபலமான தடங்களில் திறந்த கையோடு தீர்ந்துவிடும்.

விழா நாள் ஆண்டுக்கு ஆண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையே நகரும். அமாவாசை நாளில் மாதம் பிறக்கிறது. குளிர்காலக் கதிர்த்திருப்பத்துக்கு (ஆண்டின் மிகக் குறுகிய பகல், டிசம்பர் 21 வாக்கில்) பின் வரும் இரண்டாவது அமாவாசைதான் பெரும்பாலும் புத்தாண்டு. 19 ஆண்டுகளில் 7 அதிக மாதங்கள் சேர்த்துச் சூரியனோடு ஒத்துப்போக வைக்கிறார்கள். அமாவாசை எந்தத் தேதியில் விழுகிறது என்று பார்ப்பதும் 120 பாகை நேரப்படிதான். வியட்நாம் அதே வகைப் பஞ்சாங்கத்தை ஒரு மணி நேரம் பின்தங்கிய தன் நேரத்தில் கணிக்கிறது. 2007-இல் அந்த அமாவாசை பெய்ஜிங் கடிகாரத்தில் பிப்ரவரி 18 பிறந்து 14 நிமிடத்தில் வந்தது. ஹனோயில் அப்போது 17-ஆம் தேதி இரவு 11.14, அவர்கள் ஒரு நாள் முன்னதாகப் புத்தாண்டு கொண்டாடினார்கள்.